கன்றும் கயிறும்: வன்னிநாட்டில் விலங்கு பழக்கிய வரலாறு

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறுமிடத்து, யானையின் இளமைக்கும் குதிரையின் இளமைக்கும் கன்று என்னும் ஒரே பெயரை உரியதாக்குகின்றது. இக்காலத்தார் குதிரைக்குட்டி என்பர். யானைக்கே கன்று என்னும் பெயர் எஞ்சி நிற்கின்றது. பெயரால் ஒன்றுபட்ட இவ்விரண்டு கன்றுகளும் மனிதன் கையில் வேறுவேறு கதியடைந்தன. குதிரைக் கன்று பிறந்த நாள்தொட்டு மனிதனின் கண்ணெதிரே வளர்ந்தது. அவன் கையின் மணத்தையும் குரலையும் தாயின் பாலோடு சேர்த்தே அறிந்தது. யானைக் கன்றோ காட்டிலே வளர்ந்து, முற்றிப் பருத்து, முழக்கோல் கொண்டு அளக்கத்தக்க உயரம் எய்திய பின்னரே கயிற்றைக் கண்டது. இவ்வேறுபாடு விலங்கின் இயல்பால் மட்டும் விளைந்ததன்று. அரசிறையும் வாணிகமும் இதிற் பெரும்பங்கு கொண்டன. ஈழத்து வன்னிநாட்டின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோர வழியிற் செம்மலையைக் கடந்ததும் நாயாறு எதிர்ப்படும். பெயர் ஆறு எனினும் அது காட்டருவிகளின் நீரைப் பெற்றுக் கடலோடு கலக்கும் களப்பே ஆகும். வடக்கே நந்திக்கடலும் தெற்கே கொக்கிளாய்க் களப்பும் இருக்க, இடையில் இது கிடக்கின்றது. தெற்கிற் கொக்குத்தொடுவாய், வடமேற்கிற் குமுளமுனை, அதற்கப்பால் தண்ணிமுறிப்புக் காடு. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒடுங்கிய இக்கரைநிலம் பழைய வன்னிப் பிரிவுகளுள் ஒன்றாகிய கரிக்கட்டுமூலைப் பற்றினைச் சேர்ந்தது. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, மேல்பற்று என்பன ஏனையவற்றுட் சில. அடங்காப்பற்று என்று இந்நாட்டுக்கு வழங்கிய பெயரே, இதனை ஆள வந்தோர் பட்ட பாட்டுக்குப் போதிய சான்றாகும்.

இந்நாட்டின் பெருஞ் செல்வம் யானை. நெல்லும் தேனும் மெழுகும் மான்தோலும் இருந்தனவாயினும், கடல் கடந்த வாணிகர் வன்னியை அறிந்தது யானையாலேயே ஆம். இலங்கை யானையின் ஏற்றுமதி மிகப் பழையது. கலிங்க வேந்தனுக்கு இத்தீவின் யானைகள் பெருமரக்கலங்களிற் சென்றதைக் கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் குறித்துள்ளார். கி.பி. 6ஆம் நூற்றாண்டிற் கொசுமாசு என்னும் நூலாசிரியர் எழுதிய குறிப்பு, ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஈழத்து மன்னன் யானையை முழக் கணக்கில் உயரம் அளந்து விலை கொடுத்து வாங்குவான் என்றும், பாரசீகத்திலிருந்து வரும் குதிரைகளை வாங்குங்கால் அவற்றைக் கொணர்ந்த வாணிகருக்குச் சுங்கம் தவிர்ப்பான் என்றும் அவர் எழுதினார். யானைக்கு முழக்கோல், குதிரைக்குச் சுங்கவிலக்கு! ஒன்று இந்நாட்டுக் காடு தந்தது. மற்றையது கடல் தந்தது. இரண்டுக்கும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. விலை பேசப்பட்டது வளர்ந்த விலங்குக்கேயன்றிக் கன்றுக்கன்று.

யானை பிடித்துப் பழக்குவோரைப் பணிக்கர் என்பது வன்னி வழக்கு. அவர் கருவி மான்தோலாலோ எருமைத்தோலாலோ திரித்த வார்க்கயிறு ஒன்றே. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமெர்சன் தெனென்ற், வட, வடகீழ்ப் பகுதிச் சோனகக் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கரின் தொழிலை வியந்து எழுதியிருக்கின்றார். இருவர் மட்டும் யானையின் அடிச்சுவட்டைத் தொடர்ந்து செல்வர். அது அறியாவண்ணம் பின்னங்காலிற் சுருக்கை மாட்டுவர். கயிற்றின் மறுதலையை மரத்திற் சுற்றுவர். பின்னர் மற்றைக் காலும் கட்டுண்ணும். அதன்பின் அவர் செய்வதே கூர்ந்து நோக்கத்தக்கது. யானையை உடனே இழுத்துச் செல்லாது, கட்டிய இடத்தருகே குடில் அமைத்துத் தீ மூட்டி அங்கேயே தங்குவர். புகையும் மனிதக் குரலும் சமைக்கும் மணமும் நாளடைவில் யானைக்குப் பழகும். உணவும் நீரும் மனிதன் கையாலன்றிக் கிடையா. வாரங்கள் கழிந்து சீற்றம் தணிந்த பின்னரே அதனை மெல்ல நடத்திக் கொண்டுசெல்வர். இரண்டு ஆளும் ஒரு கயிறும் கொண்டு இத்துணைப் பெரிய விலங்கினை வயப்படுத்தியோர், பொறுமையைத் தவிர வேறு படைக்கலம் உடையவரல்லர்.

பணிக்கர் தொழிலைப் பற்றித் தமிழிலுள்ள சான்று ஒன்றும் நாயாற்றுக்கு அண்மையிலேயே பிறந்தது. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை பேரில் வழங்கும் ஒப்பாரியே அது. எவராலும் பிடிக்கவியலாத கொம்பன் யானையை அரியாத்தை பிடித்துக் கட்டினாள் என்பதும், பின்னர்ப் பிறர் வஞ்சத்தால் அவள் மாண்டாள் என்பதும் கதை. குமுளமுனை வட்டாரத்தோடு தொடர்புபடுத்தி மக்கள் இதனை வழங்குவர். கூத்தாகவும் இது நடிக்கப்பட்டது. கதையில் எத்துணை வரலாறு, எத்துணை புனைவு என்று பிரித்தறிதல் எளிதன்று, அது வேண்டியதுமன்று. யானை பிடித்தல் ஆடவருள்ளும் வல்லோர்க்கே உரிய தொழிலாயிருந்த சமூகத்தில், ஒரு பெண் அதனைச் செய்தாள் என்று பாடிய பாட்டு நிலைத்தது. அதற்காக அவள் அழிக்கப்பட்டாள் என்ற செய்தியும் அதனோடு நிலைத்தது. மன்னரைப் பற்றியும் வரியைப் பற்றியும் ஒல்லாந்தர் எழுதிவைத்த ஏடுகள் கட்டுக்கட்டாக உள. கயிறு பிடித்த கையைப் பற்றி வன்னி மக்கள் தாமே பாடியது இவ்வொப்பாரி.

இனி, நூல்வழக்கு யாது கூறிற்று என்பதைப் பார்த்தல் தகும். கௌடிலியரின் அருத்தசாத்திரம் யானைக்கும் குதிரைக்கும் தனித்தனி அதிகாரிகளை வகுத்துள்ளது. யானையைக் கோடையிற் பிடிக்கவேண்டும். இருபது வயதினதே பிடித்தற்குரியது. கன்றும், கொம்பில்லாததும், நோயுற்றதும், சூல்கொண்டதும், பால் கொடுக்கும் பிடியும் பிடிக்கத்தகாதன என்பது அந்நூலின் விதி. நாற்பது வயதும் ஏழு முழ உயரமும் உடையதே தலையாயது. ஆகவே, கன்றை விடுத்து வளர்ந்ததைப் பிடித்தல் ஒல்லாந்தர் கண்ட புதுமையன்று. இதற்குக் காரணமும் வெளிப்படையானது. யானைக்கன்று உழைக்கும் வயதெய்த இருபது ஆண்டு வேண்டும். அத்துணைக் காலமும் அரசன் தீனி போட்டு வளர்ப்பதிலும், காடு தானே வளர்த்துத் தருவதைப் பெற்றுக்கொள்ளல் மலிவு. பிடித்த யானையைப் பழக்கும் நிலைகள் ஐந்து என்றும் அந்நூல் கூறும். தோளில் மனிதன் ஏற விடுதல், தறியிற் கட்டுண்டிருத்தல், கூட்டத்தோடு பழகுதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

குதிரைக் கன்றைப் பற்றி அதே நூல் கூறுவது முற்றும் வேறானது. ஈன்ற பெட்டைக்கு முதல் மூன்று இரவும் நெய் ஊட்டவேண்டும். அடுத்த பத்து இரவும் மாவும் எண்ணெயும் மருந்தும் தரவேண்டும். பத்து நாட்கழிந்த கன்றுக்கு ஒரு குடுபம் மாவும் அதிற் காற்பங்கு நெய்யும் ஒரு பிரத்தம் பாலும் ஆறு திங்கள் வரை தரவேண்டும். பின்னர்த் திங்கள்தோறும் அளவு கூடும். மூன்று வயது வரை வாற்கோதுமை சேரும். நான்கு அல்லது ஐந்து வயதிற் குதிரை முழு வளர்ச்சி எய்தி வேலைக்குரியதாகும். பிறந்த நாளிலிருந்து கணக்கெழுதப்பட்ட விலங்கு குதிரை. பத்தாம் நாள் தொட்டு ஒருவன் கையால் மாவு உண்ட கன்றுக்கு, பின்னர்த் தலைக்கயிறு மாட்டுதல் புதிய செய்தியாகத் தோன்றாது. யானையிடம் மனிதன் அந்நியனாகச் சென்றான். குதிரையிடம் செவிலியாகச் சென்றான்.

ஒல்லாந்தர் காலத்துக்கு வருவோம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியரிடம் யானைத்திறை கேட்கும் வழக்கத்தையும் உடன்பெற்றனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வன்னியர் யாவரும் சேர்ந்து ஆண்டுக்கு 42½ யானை செலுத்தவேண்டும் என்பது கணக்கு. அரை யானை எவ்வாறு ஆனையிறவைக் கடந்து நடந்திருக்கும் என்று எண்ணுவார்க்கு நகை தோன்றலாம். ஏட்டிலன்றி வேறெங்கும் அவ்விலங்கு உலவியதில்லை. ஆயினும் அந்த அரையே ஒல்லாந்தர் யானையை எங்ஙனம் நோக்கினர் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவர்க்கு யானை, இலவங்கப்பட்டை போலவும் முத்துப் போலவும், கூட்டவும் கழிக்கவும் பகுக்கவும் கூடிய ஒரு தொகை. யாழ்ப்பாணத்துத் தளபதியாயிருந்த சுவார்தெகுறூன் 1697இல் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில், வன்னியர் திறையை நிலுவையில் விட்டனர் என்னும் முறைப்பாடு இடம்பெறுகின்றது. நிலுவை ஆண்டுக்காண்டு ஏறியது. அது வன்னியரைப் பணியவைப்பதற்குக் கையிற் பிடித்த சாட்டையும் ஆயிற்று.

திறையாக வந்த யானைகள் வன்னியினின்று வடக்கே நடத்தப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பில் அவை இறங்கிக் கடந்த துறையே ஆனையிறவு எனப் பெயர்பெற்றது என்பர். யாழ்ப்பாணத்தில் அவை கட்டப்பட்டு, கோல்கொண்டா, வங்காளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த வாணிகருக்கு விற்கப்பட்டன. பின்னர் ஊர்காவற்றுறை வழியே கப்பலேறின. நகரிலே ஆனைப்பந்தி என்னும் இடப்பெயர் இன்றும் வழங்குகின்றது. அவ்வழியே நாள்தோறும் பள்ளி செல்லும் மாணவருள் எத்தனைபேர், அங்கு ஒருகாற் கட்டுண்டு நின்ற விலங்குகள் முள்ளியவளைக் காட்டிலும் நாயாற்றங்கரையிலும் பிறந்தனவாயிருக்கலாம் என எண்ணியிருப்பர்?

விலை உயரத்தைப் பொறுத்தமையால் திறைக்கும் உயரமே வேண்டப்பட்டது. குட்டையானதும் இளையதும் மதிப்பிழந்தன. பணிக்கனுக்கு இதன் பொருள் யாது? பழக்குதற்கு எளிதான கன்றை விட்டு, பழக்குதற்கு அரிய முதுயானையையே அவன் நாடவேண்டியிருந்தது. அதுவுமன்றி, திறைக்கு நாள் குறிக்கப்பட்டது. குடில் கட்டி வாரக்கணக்கிற் காத்திருக்கும் பொறுமைக்கு அதிகாரியின் நாட்குறிப்பில் இடமில்லை. கயிறு தின்ற காலோடும் தணியாத சீற்றத்தோடும் நடத்தப்பட்ட யானைகள் வழியிலும் பந்தியிலும் மாண்டால், இழப்பு திறை கொடுப்பவன் தலையிலேயே விழக்கூடும். வன்னியர் திறை நிலுவைக்கு அவர்தம் முரட்டுத்தன்மையே காரணம் என்று ஒல்லாந்தர் கருதினர். யானையை அறிந்தவன் அவசரப்படமாட்டான் என்பதும் ஒரு காரணமாயிருந்திருத்தல் கூடும் எனக் கொள்வது பிழையாகாது.

பிடித்த யானையைப் பழக்கிய முறையை 1847இற் குருநாகல் வட்டாரத்தில் நிகழ்ந்த யானைவேட்டத்தை நேரிற் கண்ட தெனென்ற் விரிவாக எழுதினார். அது சிங்களப் பகுதியில் நிகழ்ந்ததாயினும் பழக்கும் முறை பெரிதும் ஒத்ததே. புதிதாகக் கட்டுண்ட யானை முதற் சில நாட்கள் உணவு கொள்ளாது. அது உண்ணத் தொடங்கியதும் இரு பக்கமும் பழகிய யானைகளை நிறுத்துவர். ஆட்கள் அதன் முதுகை நீண்ட கோல்களால் தேய்த்துக்கொண்டே, மகனே என்றும் தாயே என்றும் தந்தையே என்றும் அதன் பாலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப விளித்து இடையறாது பாடுவர். யானை சினந்து துதிக்கையால் அடிக்க முயலும். அடி இரும்பு முனைகளிற் பட்டு நோகும். ஈற்றில் துதிக்கையைச் சுருட்டிக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று வாரத்தின் பின் பழகிய இரண்டின் நடுவே நீராடக் கொண்டுசெல்வர். இரண்டு திங்களில் துணையின்றி ஏறிச் செல்லலாம். மூன்று நான்கு திங்களில் வேலைக்கு விடலாம். ஆயினும் முன்கூட்டியே பாரம் இழுக்கப் பூட்டினால், நலமுடையதாகத் தோன்றிய யானையும் படுத்து உயிர்விடுதல் உண்டு. மனமுடைந்து இறந்தது என்றே பழக்குவோர் கூறினராம்.

இங்கே பாட்டும் இரும்பும் ஒருங்கே நிற்கின்றன. ஒரு கை தடவுகின்றது. மற்றக் கை முள்முனையை நீட்டுகின்றது. கன்றுப் பருவத்திற் கைப்பழக்கம் பெறாத விலங்கை மூன்று திங்களிற் பணியவைக்கவேண்டின் இரண்டும் தேவைப்பட்டன. அதே வேட்டத்தில் தாயோடு அகப்பட்ட கன்றுகள் விரைவில் மனிதரோடு பழகின என்பதையும் அவர் குறித்தார். அக்கன்றுகளுக்கு இரும்பு முனை வேண்டப்படவில்லை.

வன்னி உழவன் இவ்வுண்மையைத் தன் மாட்டுக்காலையில் நன்கறிந்திருந்தான். நாம்பன் கன்றுக்கு இளமையிலேயே தும்பு கட்டிப் பழக்குவான். ஏருக்கு விடும்போது பழகிய எருதொன்றுக்கு இணையாகப் பூட்டுவான். யானைக்குப் பழகிய யானை, நாம்பனுக்குப் பழகிய எருது, முறை ஒன்றே. காட்டில் மனிதனறியாது பெருகிய குழுமாட்டை வார்க்கயிற்றாற் பிடித்து வந்தவன், அதனை உழவுக்கு வசக்கப் பட்ட பாட்டையும் அறிவான். காலையிற் பிறந்த கன்றுக்கும் காட்டிற் பிறந்த கன்றுக்கும் உள்ள வேறுபாடு அவன் வீட்டு முற்றத்திலேயே தெரிந்தது.

குதிரையைப் பொறுத்தவரை, தமிழ்நாடு நெடுங்காலம் கடல்வழி வரவையே நம்பியிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். சோழர் கல்வெட்டுக்களிற் குதிரைச்செட்டிகள் காணப்படுகின்றனர். 13ஆம் நூற்றாண்டிற் பாண்டிநாட்டுத் துறைகளுக்கும் அயலிடங்களுக்கும் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரை வந்ததாகவும், குதிரையொன்றின் விலை 220 பொன் தினார் என்றும், கடலில் மாண்ட குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு எழுதினார். அக்காலத்தே வந்த மார்க்கோ போலோ காரணத்தையும் கூறினார். குதிரையைப் பேணும் முறை இந்நாட்டார் அறியார். சோறும் இறைச்சியும் ஊட்டுகின்றனர். இலாடம் கட்டுவோரும் மருத்துவரும் இங்கு வராதபடி குதிரை வாணிகர் தடுக்கின்றனர். உயர்ந்த பெட்டைக்கும் உயர்ந்த ஆண்குதிரைக்கும் பிறந்த கன்றும் கால் கோணிப் பயனற்றதாகின்றது என்பது அவர் கூற்று. அவர் கூறியவற்றுட் சில மிகைபடக் கூறியனவாகலாம். ஆனால் கன்றைப் பேணும் அறிவைப் பிறர் பெறாது காத்தலே வாணிகரின் முதல் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரு நாட்டார் குதிரைக் கன்றை வளர்க்கக் கற்றுக்கொண்டால் ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரை விற்றல் எங்ஙனம்?

திருவிளையாடற் புராணத்திலே நரி பரியான கதையைச் சைவ மக்கள் யாவரும் அறிவர். பாண்டியனுக்குக் குதிரை கொள்ளச் சென்ற வாதவூரர் பொருட்டு இறைவன் குதிரைச்செட்டியாய் வந்தான். கயிறு மாறிக் குதிரைகளை ஒப்புவித்தான். கயிறு கைமாறியபின் குதிரைக்கு நேர்வதற்கு விற்றவன் பொறுப்பல்லன் என்பது வணிக மரபு. அன்றிரவே பரிகள் நரிகளாயின. கொட்டிலிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. பக்தி நோக்கிற் கதையின் கருத்து வேறு. வரலாற்று நோக்கில், தலைக்கயிறு அன்று ஓர் ஆவணத்துக்கு நிகராயிருந்தமையும், வாங்கிய குதிரை மறுநாட் காலையில் என்னாகுமோ என்னும் அச்சம் அரண்மனைக் கொட்டில்களில் நிலவியமையும் இதனாற் புலனாகின்றன.

ஈழத்து வடபாலிற் குதிரை பிறந்து வளர்ந்த இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் அங்குக் குதிரைகளை விட்டனர்; ஒல்லாந்தர் குதிரைப்பண்ணை நடத்தினர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் குதிரை வளர்ப்பு தொடர்ந்தது. நொலான் என்னும் ஆங்கிலப் படைத்துணைவரின் பெயர் இதனோடு இணைத்துப் பேசப்படுகின்றது. ஆயினும் அங்கு நிகழ்ந்தது கௌடிலியர் கூறிய வளர்ப்பன்று. குதிரைகள் கல்வேலிகளுக்கிடையே தம்மிச்சையாகத் திரிந்து ஈன்றன. கன்றுகள் மனிதக் கை அறியாது வளர்ந்தன. தேவைப்பட்டபோது யானையைப் பிடித்தல் போலவே சுருக்கெறிந்து பிடிக்கப்பட்டன. யானைத்திறை வாங்கிய கும்பனி குதிரையையும் யானையாகவே நடத்தியது எனலாம். பிறந்த கன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழிகை செலவிட ஓர் ஆளை நியமித்திருந்தால், சுருக்கும் விரட்டும் பின்னர் வேண்டியிரா. ஆனால் ஆளுக்குக் கூலி உண்டு. புல்லுக்குக் கூலி இல்லை.

கன்றுக்கு வேண்டிய அந்தக் கைப்பழக்கம் யாது? கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனொபன் இதனை எழுதிவைத்தார். பசியும் தாகமும் ஈத்தொல்லையும் தனிமையோடும், உணவும் நீரும் தொல்லை நீக்கமும் மனிதனோடும் வருவன எனக் கன்று உணர்ந்தால், அது மனிதனை விரும்புவதோடமையாது அவனுக்காக ஏங்கும் என்பது அவர் கருத்து. மயிர் அடர்ந்த இடங்களையும், தானே தன்னைச் சொறிந்துகொள்ள இயலாத இடங்களையும் தடவவேண்டும். சந்தடியுள்ள இடங்களில் நடத்திப் பழக்கவேண்டும் என்றும் கூறினார். பணிக்கன் குடிலருகே தீமூட்டிக் காத்திருந்ததும் இதே நெறியே. செனொபனைப் படியாத ஒருவன் நாயாற்றுக் காட்டில் அதே முடிவுக்கு வந்திருந்தான்.

இக்காலக் குதிரை வளர்ப்போர் பின்பற்றும் முறையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. குதிரை ஏறத்தாழ பதினொரு திங்கள் சூல் சுமக்கும். பிறந்த கன்று ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்று பால் தேடும். முதல் நாட்களிற் கன்றின் மார்பை ஒரு கையாலும் பின்புறத்தை மறு கையாலும் அணைத்து, இறுக்காமலும் விரட்டாமலும் நிற்கச் செய்வர். கன்று அமைதியுற்ற அக்கணத்தே கையை எடுப்பர். அமைதி விடுதலை தரும் என்பதே அதன் முதற்பாடம். கழுத்து, தோள், கால், காது என ஒவ்வோரிடமும் தொடப் பழகிய பின்னர் மெல்லிய தலைக்கயிறு மாட்டப்படும். முன்னே நின்று இழுத்தல் ஆகாது. இழுத்தால் கன்று பின்வாங்கும், மல்லாந்து விழுதலும் உண்டு. பின்புறத்தைச் சுற்றி இட்ட மற்றொரு கயிற்றால் மெல்ல உந்தி, தாய் செல்லும் திசையிலேயே இரண்டடி நடத்துவர். அடுத்த நாள் நான்கடி. இளங்கழுத்து ஊறுபடுமாகையால், கன்றைத் தறியில் இறுகக் கட்டிவிட்டு அகலுதல் பெருந்தவறு. நான்கு முதல் ஆறு திங்களிற் பால் மறக்கச் செய்யுமுன், கயிற்றுக்கு இசைந்து நடக்கக் கன்று கற்றிருக்கும்.

பிறந்தவுடன் கன்றைப் பலவாறு தொட்டுப் பிடித்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் பணிவுடையதாகும் என்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிலர் வற்புறுத்தினர். பிந்திய ஆய்வுகள் அத்துணை நம்பிக்கைக்கு இடந்தரவில்லை. பிரான்சு நாட்டு ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட முடிபு இன்னும் சுவையானது. கன்றைத் தொடாது, ஈன்ற முதல் ஐந்து நாளும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் தாய்க்குதிரையை மட்டும் கன்றின் எதிரில் மென்மையாகத் தேய்த்துவிட்டனர். அக்கன்றுகள் பின்னர் மனிதரை எளிதில் அணுகின, தொடவும் இசைந்தன. தாய் அஞ்சாததைக் கன்றும் அஞ்சவில்லை. பழகிய யானையைப் பக்கத்தில் நிறுத்திய பணிக்கனுக்கும், பழகிய எருதோடு நாம்பனைப் பூட்டிய உழவனுக்கும் இம்முடிபு வியப்பளித்திராது.

பணிக்கரின் அறிவு எங்ஙனம் மறைந்தது என்பது இனிக் கூறவேண்டியது. 1803 ஆகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒற்றோபர் இறுதியிற் கற்சிலைமடுவில் திறிபேர்க்குத் தலைமைதாங்கிய ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றான். வன்னியர் ஆட்சியோடு யானைத்திறையும் ஒழிந்தது. ஆங்கிலேயருக்கு யானை விற்பனைப் பொருளாகவும் தோன்றவில்லை. பயிரழிக்கும் பகையாகவே தோன்றியது. கொன்ற யானைக்குத் தலைக்கு இத்துணைச் சிலிங்கு என்று பரிசு அறிவித்தனர். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன எனத் தெனென்ற் கணக்குத் தந்துள்ளார். ஒல்லாந்தர் கேட்ட 42½ திறையை ஆண்டுதோறும் தவறாது செலுத்தியிருப்பினும், அத்தொகை எய்த எண்பது ஆண்டுக்கு மேற் சென்றிருக்கும். துப்பாக்கிக்குக் கன்றும் முதுயானையும் ஒன்றே. குடிலும் தீயும் பாட்டும் வேண்டா. தந்தை மகனுக்குக் கயிறு திரிக்கக் கற்பித்த வீடுகளில், அக்கல்விக்குரிய பயன் ஒரு தலைமுறையிலேயே குன்றியது.

1895இல் வன்னி மாவட்டங்களின் கைந்நூலை எழுதிய லூயிசு காலத்தில் வன்னி மக்கட்டொகை அருகிய காடாகவே இருந்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் யானையைக் காத்தது. 1950இற் பனாமுறையில் நிகழ்ந்த வேட்டத்தோடு யானைகளைத் தொழுவத்துள் அடைத்துப் பிடிக்கும் வழக்கமும் இலங்கையில் முடிவுற்றது. நாயாற்றையும் கொக்குத்தொடுவாயையும் சேர்ந்த குடும்பங்கள் 1984இல் தம்மூர்களை விட்டு வெளியேறின. 2009இற் போர் ஓய்ந்த பின்னரே மீண்டனர். இடையில் இறந்த முதியோரோடு எத்தனை கதைகளும் தொழிற்சொற்களும் சென்றன என்று கணக்கிட வழியில்லை. கயிற்றின் நீளம், சுருக்கின் வகை, யானையை விளித்த சொற்கள் ஆகியவற்றை எழுதிவைத்தவர் வன்னியில் இருந்ததாகத் தெரியவில்லை. மீண்டு வந்தோருள் முதியோரிடம் எஞ்சியவற்றை இப்போதேனும் கேட்டெழுதுதல், அவ்வட்டாரத்துப் பள்ளி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கைக்கெட்டிய பணியாகும்.

நெடுந்தீவிற் குதிரைகள் இன்றும் திரிகின்றன. 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் நீரின்றி அவை வருந்துவதும், தீவு மக்கள் தம் கிணற்றுநீரை அவற்றுக்கு ஊற்றுவதும் உண்டு. ஆண்டுதோறும் கன்றுகள் பிறக்கின்றன. தலைக்கயிறு அறியாத அக்கன்றுகள், தண்ணீர்த்தொட்டிக்கு வரும் மனிதனைத் தாயின் மறைவில் நின்று பார்க்கின்றன.